கேட்சர் ப்யோ கியூன்-ஹோவை நீக்கக் கோரி அவர் தந்தை எழுதும் மனு

அனுப்புநர்:
ப்யோ இன்-சிக்,
நகரப் பேருந்து ஓட்டுநர்,
துறைமுகத் தெரு, மொக்போ.

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
மொக்போ நாரைகள் பேஸ்பால் அணி,
மொக்போ.

பொருள்: அணியில் செய்ய வேண்டிய மாற்றங்கள், குறிப்பாகக் கேட்சரை நீக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அணி தொடங்கிய நாள் முதல் ரசிகன் என்ற உரிமையில் நானும் எழுதுகிறேன். நான் நீக்கச் சொல்லும் கேட்சர் என் மகன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

1. பந்து எறியும் ஓ சங்-தே முதல் ஐந்து இன்னிங்ஸ் சிங்கம். ஆறாவதில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார் என்றால் கதை முடிந்தது. ஊருக்கே தெரிந்த இது பயிற்சியாளருக்கு மட்டும் தெரியவில்லை. ஓ சங்-தே நெற்றியைத் துடைத்ததும் ஆளை மாற்றவும்.

2. நாம்கூங் சோக் ஓட்டத்தில் குதிரை. அவரை எட்டாவதாக மட்டை பிடிக்க அனுப்புவது வீண். முதல் ஆளாக அனுப்பவும்.

3. கேட்சர் ப்யோ கியூன்-ஹோ என்பவரால், மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பிடிக்கும் பந்தை இரண்டாம் தளத்துக்கு வீச முடியவில்லை. பந்து வந்து சேருமுன் எதிரணியினர் சந்தைக்குப் போவது போல நிதானமாக ஓடி அடுத்த தளத்தைத் திருடுகிறார்கள். இரண்டாம் நிலை அணியில் இருக்கும் மா தோங்-உக்கை அவர் இடத்தில் இறக்கவும். மட்டை சுமார்தான், ஆனால் கை நல்ல கை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் என் மனைவியின் நினைவு நாள் சடங்கில் கியூன்-ஹோ எனக்கு இரண்டு கைகளாலும் மது ஊற்றினான். எவ்வளவு மரியாதை என்று உறவினர்கள் மெச்சினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரிந்தது, இடது கை வலது கையைச் சுமந்துகொண்டிருந்தது. ஜாடி நடுங்கி மது என் முழங்காலில் கொட்டியது.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். தோள் கிழிந்திருக்கிறது. அணிக்குத் தெரியாமல் வெளியே எங்கோ ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான். இப்படியே ஆடினால் அந்தக் கை இனி தலைக்கு மேல் எழாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "புது ஒப்பந்தம் போடுற வரைக்கும்தாம்ப்பா. நீங்க வாயத் திறந்தீங்கன்னா நான் உங்க புள்ளையே இல்ல" என்றான்.

மைதானத்துக்குப் போகும் பேருந்தை ஓட்டுபவன் நான். நான் யாரென்று பயணிகளுக்குத் தெரியாது. "அவன் எறியிற பந்து போய்ச் சேர்றதுக்குள்ள இந்த பஸ்ஸே ரெண்டாம் தளத்துக்குப் போயிரும்டா" என்கிறார்கள். "அது கையா, வெந்த நூடுல்ஸா?" என்கிறார்கள். அவன் மட்டையோடு வரும்போது பாடுவதற்கென்று ரசிகர்களிடம் ஒரு பாட்டு இருந்தது. இப்போது யாரும் பாடுவதில்லை.

சென்ற ஞாயிறு ஒருவர் என்னையே கேட்டார்: "டிரைவரண்ணே, நீங்களே சொல்லுங்க, அந்தக் கேட்சரத் தூக்கலாமா வேணாமா?" "தூக்கிடலாம்" என்றேன். பேருந்து முழுக்கக் கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவி இறங்கக் காத்திருந்தும் கதவைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, ஒப்பந்தம் போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவன் பந்தைத் தவிர வேறு தொழில் அறியாதவன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தாங்கள் அவனை அழைத்துத் தோளைப் பரிசோதிக்க வேண்டும், உடனே ஆட்டத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்று மன்றாடுகிறேன். சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரையே சொல்லலாம். ஊரில் யாரோ ஒரு ரசிகன் தன்னை வேண்டாம் என்றான் என்று அவன் நினைக்க வேண்டாம்.

என் பெயர் தெரியவரும் அன்று அவன் வீட்டுக்கு வந்து என் முகத்தில் அறைவது போலக் கதவைச் சாத்துவான். சாத்தட்டும். அதற்கும் ஒரு கை வேண்டுமே.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: மொக்போ
நாள்: ஆகஸ்ட் 19

ப்யோ இன்-சிக்
(கியூன்-ஹோவின் தந்தை)