அவளுக்கும் சேர்த்து

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நம் சின்னவன் காய்ச்சலிலிருந்து பிழைத்துவிட்டான். நேற்று தொண்டையில் வைத்திருந்த சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். கரகரத்த குரலில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, பசிக்குது." அதைக் கேட்கத்தான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் தேயக் கிடந்தேன்.

ஆலயத்தில் ஸ்தோத்திர ஜெபம் எப்போது வைக்கலாம் என்று போதகர் கேட்டார். "அவங்க அப்பா வரட்டும் ஐயா" என்றேன். லீவு கேளுங்கள். கதவு அசைந்தாலே நீங்கள்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி

மார்ச் 24

அன்பு மனைவிக்கு,

கப்பல் பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். வெல்டிங் முகமூடியைக் கழற்றாமலே அழுதேன், யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் ஆலயத்துக்கு நீ மட்டும் போய் வா. கோபப்படாதே. நம் மூத்தவள் வாயாடிக்கும் இதே காய்ச்சல்தானே? அன்றும் இதே வராந்தா, இதே ஜெபம். நாலு வயசில் அவளை மண்ணுக்குக் கொடுத்தோம். இன்று நான் கைகூப்பி நன்றி சொன்னால், "அப்பா, அப்போ நான்?" என்று கேட்பாளே. என்ன பதில் சொல்ல?

உன் கணவன்

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கேள்வியையே போதகரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா" என்றார். அன்றைக்குத்தான் அவர்மேல் மரியாதை கூடியது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசினாளே, அந்த நாலு வருஷம் யார் தந்தது? அதற்கு நாம் இன்னும் நன்றி சொல்லவே இல்லை. அழுதுகொண்டே சொல்லலாம் அத்தான், கர்த்தர் தள்ளிவிட மாட்டார்.

சின்னவன் அவள் போட்டோவைக் காட்டி, "அக்கா எப்படிப் பேசுவா?" என்று கேட்கிறான். எனக்கு வரவில்லை. உங்களுக்குத்தான் அவளைப் போலப் பேசிக்காட்டத் தெரியும்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 29

அன்பு மனைவிக்கு,

நேற்று கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யும்போது ஜெபித்துப் பார்த்தேன். "பிதாவே" என்றேன். அதற்குமேல் ஓடவில்லை. வாயில் வந்தது அவள் பெயர்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட வேலை செய்பவன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "யாரைப்பா கூப்பிடறே?" என்றான். "என் பொண்ணை" என்றேன். அவள் போன பிறகு யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அதையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. நெஞ்சு கொஞ்சம் லேசானது.

லீவு கிடைத்துவிட்டது. போதகரிடம் நாள் குறிக்கச் சொல். என்னைப் பாடச் சொல்லாதே, சாட்சி சொல்லவும் கூப்பிடாதே. உன் பக்கத்தில் நிற்கிறேன். நன்றி சொல்லும் நேரம் வரும்போது கையைப் பிடித்துக்கொள். எனக்கு வராததை நீ சொல்.

உன் கணவன்