நம் இருவர் ரத்தத்திலும் இருந்தது

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் தேய்த்தாள். அந்தக் குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு எடுக்கும் சோதனைதான். கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "வலிக்குதா மேடம்?" என்று கேட்டாள். இன்னும் ஊசியே போட்டிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

வெளியே வந்து சத்துவாச்சாரி பஸ்ஸுக்கு நிற்கும்போது, உன்னிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நீ ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் பார்க்கக்கூட வேண்டாம், விரலால் தடவியே சொல்லிவிடுவாய். உன் கையைத் தாண்டிப் போன ஜோடி திரும்பி வந்ததில்லை என்று மாமா பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்ட உனக்கு உன் உடம்பில் நடந்தது தெரியாமல் போனது. கீர்த்தனா பிறந்த ஐந்தாம் நாள் உன் முகம் ஊதியது. சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றேபோனது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். வேலூருக்கு உன்னைக் கொண்டுவந்து சேர்த்தபோது மூச்சு வாங்கியது, கண் சரியாகத் தெரியவில்லை என்றாய்.

அந்த வயதான டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். "கிட்னிக்குள்ள தலைமுடிய விட மெலிசா ரத்தக் குழாய் இருக்கும்மா. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு நம்ம ரத்தத்துல ஒரு சக்தி இருக்கு. இவங்களுக்கு அது அடங்க மாட்டேங்குது. சொந்தக் குழாயையே போட்டு அடிக்குது. அங்கங்க பொடிப்பொடியா ரத்தம் உறைஞ்சு அடைச்சிடுது. அந்த அடைப்புல உரசிப் போற சிவப்பணு கிழிஞ்சிடுது" என்றார்.

ரத்தம் உறைகிறது என்றால் அதை மெலிதாக்க மாத்திரை கொடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அதனால் இது நிற்காது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த நீ மெதுவாகக் கேட்டாய்: "காவலுக்கு வெச்ச ஆளே பூந்து உடைக்கிற மாதிரியா சார்?"

"அப்படித்தாம்மா."

"அவன எப்ப வேலைக்கு வெச்சாங்க?"

"நீங்க பொறக்கும்போதே. இத்தன நாள் சும்மா இருந்தான். பிரசவம் கிளப்பி விட்டுடுச்சு."

வாயில் நுழையாத நீளமான பெயர் அந்த வியாதிக்கு. வீட்டில் நாங்கள் 'அந்த வியாதி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நீ மட்டும் ஃபைலைப் பார்த்து, எழுத்தெழுத்தாக எழுதிப் பழகினாய்.

உன் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துவிட்டு மற்றவர்கள் கொடுத்ததை ஏற்றினார்கள். ரத்தம் தேறியது. கிட்னி தேறவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் செவ்வாயும் வெள்ளியும் உனக்கு டயாலிசிஸ் நாள். ஆம்பூரில் பஸ் ஏறி, மாதனூர், பள்ளிகொண்டா தாண்டி வேலூர் வரும்வரை ஜன்னலோரம் தலை சாய்த்தபடி வருவாய். நாளெல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீர்தான். வெயில் காலத்தில் கீர்த்தனா உன் எதிரில் தண்ணீர் குடிக்கத் தயங்குவாள். "குடி, நான் பாக்கிறேன். அதுவே எனக்குப் போதும்" என்பாய்.

மூன்றாவது வருடம் என் கிட்னியைத் தருகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய், நான் பிடிவாதம் பிடித்தேன். ரத்த வகை பொருந்தியது. மரபணுச் சோதனை முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். உன்னிடம் இருக்கும் அதே பிழை என்னிடமும் இருக்கிறது. எனக்கு இதுவரை கிளம்பவில்லை, கிளம்பாமலே போகலாம். ஆனால் நான் கொடுக்கக் கூடாது. மிச்சமிருக்கும் என் ஒற்றைக் கிட்னிக்கும் ஆபத்து, உனக்கு வைப்பதும் நிலைக்காது.

நான் அழுதேன். நீ ஊசித் தழும்பு ஏறிய கையால் என் முதுகைத் தடவினாய். அந்த அழுகைக்குள் வேறொன்றும் இருந்தது, அக்கா. கத்தி வைக்க வேண்டாம் என்று கேட்டதும் என் நெஞ்சு ஒரு நிமிடம் லேசானது. அப்படி ஆனதற்காகத்தான் பாதி அழுதேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கர்ப்பமானதை உன்னிடம் நான்கு மாதம் மறைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். தெரிந்ததும், "எங்கிட்ட இன்னா மறைப்பு? ஆஸ்பத்திரியிலயாவது சொன்னியா?" என்றாய். சொல்லியிருக்கவில்லை. மறுநாளே உன் ஃபைலை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாய். என் சீட்டில் டாக்டர் அந்தப் பெயரை எழுதும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

பிரசவம் நல்லபடியாக ஆனது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடித்து, கையில் கட்டோடு என் வார்டுக்கு வந்தாய். குழந்தையைப் பார்க்கும் முன்னால் என் கண் இமையைத் தொட்டுப் பார்த்தாய்.

"காலைலேருந்து எத்தினி வாட்டி போன?"

"ஒரு வாட்டி. கம்மியாதான் வருது. தண்ணி சரியா குடிக்கலக்கா."

"இன்னா கலரு?"

டீ மாதிரி இருந்தது என்றேன். உன் முகம் மாறியது. நர்ஸ், காலையில் டாக்டர் வரட்டும் என்றாள். நீ தாழ்வாரத்தின் கோடியில் இருந்த டியூட்டி டாக்டரிடம் போனாய். கட்டிலிலிருந்தே எனக்கு உன் குரல் கேட்டது.

"என் தங்கச்சிக்கு இப்பவே பிளேட்லெட் பாக்கணும் சார். கிரியாட்டினின், எல்டிஹெச் ரெண்டும் சேத்து அனுப்புங்க."

அவர் சின்ன வயதுக்காரர். "நீங்க நர்ஸாம்மா?" என்றார்.

"பேஷண்ட் சார்" என்று சொல்லிக் கட்டுப் போட்ட கையைக் காட்டினாய். "அவ சீட்டுல எழுதியிருக்குது, படிச்சுப் பாருங்க. எனக்கு ரெண்டு நாள் லேட்டாச்சு. அவளுக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகக் கூடாது."

அவர் சீட்டைப் படித்தார். பிறகு நின்றுகொண்டே போன் செய்தார். பிளேட்லெட் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அன்று மாலையே எனக்கு பிளாஸ்மா மாற்றத் தொடங்கினார்கள். பன்னிரண்டு நாள். நான்காம் நாள் என் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை நிறைந்திருப்பதைப் பார்த்து நீ அழுதாய். இத்தனை வருடத்தில் உனக்காக நீ அழுது நான் பார்த்ததில்லை.

குழாய்களோடு படுத்திருந்த ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது கேட்டாய்: "அன்னிக்கு குடுக்க முடியாதுன்னு சொன்னாங்களே, உனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு, இல்ல?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எனக்கும்தான்டி. உன்ன அறுத்துட்டு, அதுவும் வீணாப் போயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

அதற்குப் பிறகும் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம் அக்கா.

என் கிட்னி பிழைத்தது. இரண்டு வருடம் கழித்து, கை ரத்தக் குழாய் அடைத்துப்போனதால் உன் கழுத்தில் போட்ட டயாலிசிஸ் குழாய் வழியாகத் தொற்று ஏறியது. நான்கே நாள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, "கீர்த்திக்கு நீயே சொல்லு. பயமுறுத்தாத, மறைக்கவும் மறைக்காத" என்றாய். உன் சாவுக்குக் கம்பெனிப் பெண்கள் வேலை விட்டு வேனிலேயே வந்தார்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு.

நீ சொன்னதைச் செய்ய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அவளுக்கு வயது பன்னிரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போயிருந்தேன். மாமா கடைக்குப் போயிருந்தார். அந்த டாக்டரைப் போலவே ஒரு தாளில் படம் போட்டேன். உனக்கு இருந்தது, எனக்கு இருப்பது, அவளுக்கும் என் மகனுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றேன். கடுமையான காய்ச்சல் வந்தால், சிறுநீர் குறைந்தால் யாரிடமும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும் என்றேன். பேசி முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நான் பொறந்ததாலதான அம்மாவுக்கு வந்துச்சு?"

எத்தனை வருடமாக அதை உள்ளே வைத்திருந்தாளோ தெரியாது. யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அது அம்மா பொறக்கும்போதே அவ ரத்தத்துல இருந்துச்சு கீர்த்தி. காய்ச்சல்லகூட கிளம்பியிருக்கும். நீ பொறந்தப்ப அது வந்ததாலதான் அதுக்குப் பேர் இன்னான்னே நமக்குத் தெரிஞ்சுது. பேர் தெரிஞ்சதாலதான் உங்கம்மா என்னக் காப்பாத்துனா."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உன்னைப் புதைத்த நாளில் அழாதவள் அன்று அழுதாள். மாமா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அழுது முடித்தபின் முகம் கழுவி வந்து, "எனக்கு எப்ப டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவசரமில்லை, டாக்டரிடம் கேட்டு அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எடுக்கலாம் என்றேன். "நீ கூட வரணும்" என்றாள்.

வர்றேன் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா. அவள் கட்டில் பக்கத்தில் என்றைக்காவது ஒருவர் உட்கார வேண்டி வந்தால், இன்னா கலரு என்று கேட்க நான் இருப்பேன்.