கீழ்த்தோட்டத்துக்குள் போகும் டிராக்டர்

ஜூன் 4

மெக்கானிக் அவர்களுக்கு,

இங்கே நானும் நம் மகளும் நலம். பழைய டிராக்டர்தான் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறும்போது ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்காரர் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்ற காசுல பாதி டிராக்டரே வாங்கிடலாம்மா" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எனவே புது டிராக்டர் வாங்கப் போகிறேன். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. இதுவரை புதிதாக நான் வாங்கிய இயந்திரம் ஒரு தையல் மெஷின்தான். ஷோரூமுக்குப் போனால் விற்பவர் "சார் வரலீங்களா மேடம்?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடுகிறார். சார் கோபித்துக்கொண்டு துறைமுகத்தில் கிரேன் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கேட்கலாம் என்றால் உங்களை விட்டால் ஆள் இல்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். ஒரே ஒரு நிபந்தனை: டிராக்டரைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். உழ வேண்டும், டிரெய்லர் இழுக்க வேண்டும், மருந்தடிக்கும் டேங்கை ஓட்ட வேண்டும், தண்ணீர்த் தொட்டியோடு சரிவேற வேண்டும். எதை வாங்கலாம்?

இப்படிக்கு,
தோட்டத்து மேனேஜர்
(நீங்கள் வீட்டை விட்டுப் போகும்போது கொடுத்த பட்டம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.)


ஜூன் 11

மேனேஜர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அதைப் படித்த விதத்தைப் பார்த்து, கூட வேலை செய்கிறவன் "என்னண்ணே, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றான். டிராக்டர் என்றேன். "அதுக்கா வாயெல்லாம் பல்லு?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் துவைத்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். காவலாளி என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். இரண்டாவது கடையில் மரியாதையாக நடத்தினார்கள், வண்டிதான் சரியில்லை. மூன்றாவதில் பார்த்தேன், பெரிய நீலம். ஐம்பது குதிரைத்திறன். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். அதில் இரட்டை கிளட்ச். நீ மரத்தடியில் வண்டியை நிறுத்தினாலும் பின்னால் மருந்து பம்ப் நிற்காமல் ஓடும். சத்தம் கூட நல்ல குரல் உள்ள மனுஷன் தொண்டையைச் செருமுகிற மாதிரிதான்.

கிளட்ச் உன் காலுக்கு எட்டுமா என்று சந்தேகம் வந்தது. கேஷியர் பெண் உன் உயரம் இருந்தார். "கொஞ்சம் ஏறி உக்காருங்கம்மா, என் வீட்டுக்காரி இதே உயரம்தான்" என்று கெஞ்சினேன். முறைத்தார், ஆனாலும் ஏறினார். எட்டியது.

அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதனால் என்ன, கீழ்த்தோட்டம் இப்போது வெட்டவெளியாகத்தானே இருக்கும். என் எலுமிச்சைகளை எப்போதோ பிடுங்கிப் போட்டிருப்பாய். நான் அதைக் கேட்கவில்லை. அது டிராக்டர் விஷயம் இல்லை.

மகளுக்கு என் அன்பு.

மெக்கானிக்


ஜூன் 17

மெக்கானிக் அவர்களுக்கு,

கீழ்த்தோட்டம் வெட்டவெளி என்று உங்களுக்கு யார் சொன்னது?

நீங்கள் நட்டது நட்டபடியே இருக்கிறது. என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. போன பருவத்திலிருந்து காய்க்கவும் தொடங்கிவிட்டன. நான் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த வாரத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் காய்கறி நிலத்தில் அத்தனை நெருக்கமாக வரிசை போட்டு நட்டீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபம் உங்கள் மேல். மரம் என்ன செய்தது?

இது டிராக்டர் விஷயம்தான், கேளுங்கள். உங்கள் பெரிய நீலம் இங்கேயும் ஷோரூமில் நிற்கிறது. ஓட்டிப் பார்த்தேன். இறங்க மனசே வரவில்லை. ஷோரூமுக்குப் பின்னால் உள்ள சரிவில் தொட்டி நிறையத் தண்ணீரோடு அசராமல் ஏறியது. மகள் பக்கத்தில் நின்று கை தட்டினாள். ஆனால் அது எலுமிச்சை வரிசைக்குள் நுழையுமா என்று தெரியவில்லை. அங்கேயே ஒரு சின்னச் சிவப்பு இருக்கிறது, அது வரிசைக்குள் அழகாகப் போகும். தொட்டியை மாட்டினால் முக்கி முனகி, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடுகிறது.

விற்பவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: "ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிடுங்கிடுங்க மேடம், நீலம் தாராளமாப் போகும்." நீலத்தின் அகலம் என்ன என்று கேட்டால் கிட்டத்தட்ட ஆறடி என்கிறார். அந்தக் 'கிட்டத்தட்ட'வை நம்பி நான் ஒரு மரத்தையும் தொட மாட்டேன். நீங்களே அளந்து அனுப்புங்கள். ஒழுங்காக அளக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான், நடும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

மேனேஜர்


ஜூன் 24

மேனேஜருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. டிராக்டர் பகுதியைச் சொல்லவில்லை.

காய்க்கிறது என்று எழுதியிருக்கிறாயே, காய் எப்படி? தோல் மெல்லிசா, தடிப்பா? சரி, சரி, நிபந்தனை ஞாபகம் இருக்கிறது.

வேலை முடிந்த கையோடு நீலம் நிற்கும் ஷோரூமுக்கு ஓடினேன். அந்தக் கடைக் காவலாளி என்னைக் கண்டதும் கேஷியரைக் கூப்பிட்டார். கேஷியர் பெண் இந்தத் தடவை தானாகவே வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை இழுத்து வைத்து அறுத்தேன். கடிதத்தோடு இருக்கும் சணல் கயிறு அதுதான். கிட்டத்தட்ட இல்லை, சரியான அளவு. அதே நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டிக் குறுக்கே பிடித்துக்கொண்டு வரிசைக்குள் நட. கம்பு போனால் வண்டியும் போகும்.

போகவில்லை என்றால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிடுங்கிவிடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

பொய். வருத்தப்படுவேன். இருந்தாலும் பிடுங்கு. தண்ணீர் மேலே ஏறாவிட்டால் தோட்டமே காய்ந்துபோகும், உனக்கு நல்ல வண்டி வேண்டும்.

மெக்கானிக்


ஜூலை 1

மெக்கானிக்குக்கு,

உங்கள் கயிற்றை அளவு வைத்துக் கம்பு வெட்டினோம். ஒரு முனையில் நான், மறு முனையில் மகள். எல்லா வரிசையிலும் நுழைத்துப் பார்த்தோம். கை முழுக்க முள் கீறல், அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னம்மா, மரத்துக்கெல்லாம் சட்டை தைக்க அளவு எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "எங்க அப்பா டிராக்டரைக் கயிறா அனுப்பியிருக்காரு மாமா" என்றாள் உங்கள் மகள். அவர் வெகுநேரம் யோசித்தபடி நின்றார்.

கம்பு போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் இடிக்கிறது. அந்த அளவுக்குக் கிளையைக் கழித்தால் மரம் மொட்டையாகிவிடும். ஒரு கை அகலத்துக்காகவா பாதி மரங்களைப் பிடுங்குவது? நேற்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் வரிசை வரை போனேன். பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

காய் மெல்லிய தோல். பிழிந்தால் சாறு வழிகிறது. போதுமா?

அடுத்த வாரத்துக்குள் ஷோரூமில் முடிவு சொல்ல வேண்டும். சின்னச் சிவப்பையே எடுத்துவிடுகிறேன், தொட்டியைப் பாதி பாதியாக நிரப்பி இழுத்துக்கொள்கிறேன். நீலத்தை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது, வேறு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

மேனேஜர்


ஜூலை 5

உனக்கு,

சிவப்பை வாங்காதே. வாங்காதே. ஷோரூம்காரரிடம் நீலம் என்று சொல்லிவிடு. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நிற்கும்போது, பக்கத்தில் போன வண்டியின் சக்கரத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. என் ஸ்டாப்பில் இறங்க மறந்துவிட்டேன்.

நீலத்தின் பின்சக்கரத்தில் நடுத்தட்டு ஒரு பக்கமாகக் குழிந்திருக்கும். வலது சக்கரத்தை அப்படியே தூக்கி இடப் பக்கமும், இடதை வலப் பக்கமும் மாட்டினால், குழிவு எதிர்ப்பக்கம் திரும்பி டயர் இரண்டும் உள்ளே வந்துவிடும். பக்கத்துக்கு ஒரு கை அகலம், அதற்கு மேலேயே கிடைக்கும். முன்சக்கரத்தையும் அதற்கேற்றபடி உள்ளே தள்ளிக்கொள்ளலாம். ஷோரூமிலேயே கேட்டேன், இந்த வண்டியில் செய்யலாம் என்றார்கள். ஒரு மரமும் போக வேண்டாம்.

ஒன்று கவனம். அகலம் குறைந்தால் வண்டி பக்கவாட்டில் சாயப் பார்க்கும். சரிவில் குறுக்கே ஓட்டாதே, நேராக ஏறு, நேராக இறங்கு.

சக்கரத்தை மாற்ற ஷோரூமிலிருந்தே ஆள் அனுப்புவார்கள். நட்டை அவசர அவசரமாக முறுக்கிவிட்டுப் போவார்கள், நீ பக்கத்தில் நின்று பார். எனக்கும் லீவு பாக்கி இருக்கிறது. நீ வா என்றால் வருவேன். சொல்லாவிட்டால் அவர்களையே செய்யச் சொல், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை என்று எழுத நினைத்தேன், முடியவில்லை.

மெக்கானிக்


ஜூலை 15

என்னங்க,

நீலம் வந்துவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை நானே ஓட்டி வந்தேன். ஒரு விரலால் இல்லை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான். மகள் பின்னால் சைக்கிளில் மணியடித்தபடியே வந்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தாண்டி ஓடி வந்து, "கயிறு இவ்வளவு பெரிசா வளர்ந்துடுச்சே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தண்ணீர் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது.

இரண்டாம் நாள் ஷோரூம் மெக்கானிக் ஜாக்கியும் கையுமாக வந்தார். "அரை நாள் வேலைம்மா, சக்கரத்தை மாத்திட்டுப் போயிடறேன், காசெல்லாம் வேண்டாம்" என்றார். நல்ல மனுஷன், நட்டையும் ஒழுங்காகத்தான் முறுக்குவார் என்று தோன்றியது. "வேண்டாம் தம்பி, எங்க வீட்டு ஆளு வந்து மாத்துவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதனால் நீலம் கீழ்த்தோட்டத்து வாசலிலேயே நிற்கிறது. உள்ளே போக முடியாது. வரிசைக்குள் களை முழங்கால் வரை வந்துவிட்டது. ஸ்பானர் பெட்டி தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் விட்டுவிட்டுப் போன பெட்டி இங்கேயேதான் இருக்கிறது. எதுவும் துருப்பிடிக்கவில்லை, எண்ணெய் தடவி வைத்திருந்தேன்.

இனிமேல் எதை நட்டாலும் என்னைக் கேட்டுவிட்டு நடுங்கள்.

பார்த்துக்கொள்ளுங்கள், நிபந்தனைப்படி டிராக்டரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மனைவி