மாதா முன்னிருந்த பூச்சாடித் தண்ணீர்

கொட்டாஞ்சேனை
3.9.1998

மகள் டோரினுக்கு,

பிழை உன்னுடையது. தாகமென்று கேட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் தண்ணீரை மறித்தாய். பேர்ணடெற் படுக்கையை நனைக்கிறாள் என்று பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு மிடறும் கொடுக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மாதா சுரூபத்துக்கு முன்னிருந்த பூச்சாடித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாய்.

சலத்தில் சீனி இல்லை, நீரிழிவு இல்லையென்று டிஸ்பென்சரியில் சொன்னது உனக்குப் போதுமாக இருந்தது. நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்குத்தான், டொக்டர் இல்லை. ஆனாலும் அவளுடைய சலம் குழாய்த் தண்ணீர் மாதிரிப் போகிறது, பெரிய டொக்டரிடம் காட்டு என்று ஜூனிலேயே சொன்னேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால் எழுதுகிறேன். பதில் வேண்டும்.

உன் அப்பா
கிளெமென்ற்

வெள்ளவத்தை
7.9.1998

அன்புள்ள அப்பா,

முதலில் டொக்டர் சொன்னதைக் கேளுங்கள். இது இரத்தப் புற்றுநோய். அதிலும் ஏழாம் குரோமோசோம் ஒன்று குறைந்த வகை. அந்த வகையில், அரிதாக, மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியும் பழுதாகி, உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹோர்மோன் நின்றுவிடுமாம். "அவ அடம்பிடிச்சுக் குழப்படிக்குக் குடிக்கேல்ல, மிஸிஸ். குடிக்காட்டி செத்திருப்பா" என்றார். மூக்கில் விடும் மருந்தால் தாகம் அடங்கியிருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து மட்டும் போதாதாம். அவளுடைய அண்ணன் கிளறன்சின் என்பு மச்சை, எலும்புக்குள் இருப்பது, பொருந்தினால் அதை இவளுக்கு ஏற்ற வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்.

நேற்று என்னிடம், "மம்மி, இப்ப குடிக்கலாமா? ஏசமாட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

ஆறு மணிச் சட்டத்தை நான் எங்கே படித்தேன், அப்பா? செபமாலை முடிந்ததும் தண்ணீர்ப் பானை இருந்த குசினியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியது யார்? நனைந்த பாயோடு வெளியில் நின்றவள் நான். அதுதான் நல்ல வளர்ப்பு என்று நம்பி என் பிள்ளைக்கும் செய்தேன். இதற்குப் பதில் எழுதும்வரை வார்டுக்கு வரவேண்டாம்.

டோரின்

கொட்டாஞ்சேனை
9.9.1998

டோரின்,

மூன்று தரம் வாசித்தேன். பூட்டியது நான்தான். உன் பிழை இல்லாமல் போகவில்லை. என்னுடையது அதற்கு முந்தியது. இனி அதைக் கதைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. செய்ய வேண்டியவை:

கிளறன்ஸ் நாளைக்கே சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். ஊசிக்குப் பயமென்றால் நான் கூடப் போகிறேன்.

வேலூருக்கு டொக்டர் எழுத வேண்டும். விடாமல் கேட்பது நீ.

மூக்கு மருந்து குளிரில் இருக்க வேண்டும். பிளாஸ்கில் ஐஸ் கொண்டுவருவது நான்.

தண்ணீர் அவள் கைக்கு எட்ட வேண்டும். எவ்வளவு குடித்தாள், எவ்வளவு போனது என்று எழுதி டொக்டருக்குக் காட்டுவது நீ.

அந்தச் சட்டத்தைப் போட்டது தாத்தா, மம்மி இல்லை என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அதை நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு நீ என்னை வார்டுக்குள் விட வேண்டும்.

அப்பா