நான்கு பேருக்கான கூடை

அன்புள்ள சுந்தரேஷுக்கு,

பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, நான் மாற்றலாகி வந்திருக்கும் இந்த லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்புத் தோட்டத்தின் காய்கறிச் சந்தாவில் சேர்ந்துவிட்டேன் என்பதை இதன் மூலம் அறிவிக்கிறேன். அங்கே எல்லோரும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் தேவலையா? ப்ரணவ் நேரத்துக்குத் தூங்குகிறானா?

சேரும்போது தோட்டக்காரர், "மேடம்ஜி, வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், உங்கள் மூவரையும் சேர்த்து, நான்கு என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் நான்கு பேருக்குக் கூடை வருகிறது. முள்ளங்கி இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. சமையலறையில் இடமில்லை.

நேற்று, இங்கே இருப்பது நான் மட்டும்தான் என்று திருத்திச் சொல்லத்தான் போனேன்.

"எல்லோரும் ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றார்.

"ஆமாம்."

"அச்சா. எப்போ திரும்பி வராங்க?"

"பையனுக்குப் பரீட்சை முடிந்ததும்."

ஒரு கட்டு கொத்தமல்லியைக் கூடுதலாகக் கொடுத்தார்.

அடுத்த வீட்டு வத்சலா இங்கே வரும்போது சாம்பார்ப் பொடியும் நம் பெரிய வாணலியும் கொடுத்தனுப்புங்கள். இங்கே இருப்பது ஒருவருக்குத்தான் போதும். ப்ரணவ் முள்ளங்கி சாப்பிடுவானா என்றும் கேட்டு எழுதுங்கள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ரோஹிணி

பி.கு.: சந்தாவை ஏப்ரல் வரை நீட்டித்திருக்கிறேன், நான்கு பேருக்கு.