ரப்பர் மாமா சாகவில்லை

சேசு மரி சூசை துணை

பொன்மலை, திருச்சி-4
12.9.1979

அன்பு மகள் டோரதிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே உடம்பளவில் இருவரும் முன்பு போலவே இருக்கிறோம், நீயும் பம்பாய் மழையில் நனையாமல் ஆபீஸ் போய் வருவாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. எழுத உட்கார்ந்தால் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நேரம் போய்விடுகிறது. அப்பாவுக்கு நாம் பேசுவது புரிகிறதா, நான் யார் என்று தெரிகிறதா, உண்மையைச் சொல்லுங்கள், நான் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இரண்டிலும் கேட்டிருந்தாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறார், ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார், கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறார், சத்தத்துக்குத் திரும்புகிறாரா எனக்குத் திரும்புகிறாரா என்று தெரியாது. ஸ்ரீரங்கத்துக்கு டாக்ஸி வைத்து டாக்டர் ரங்கசாமியிடம் காட்டினேன். "பேச்சு போயிடுத்துன்னா புத்தியும் போயிடுத்துன்னு அர்த்தம் இல்லேம்மா, ஆனா இருக்குன்னும் நான் சொல்லிட முடியாது" என்றார். திரும்பும்போது காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று, பாலத்தில் எல்லோரும் நின்று பார்த்தார்கள், எனக்குக் காலண்டர் படம் பார்ப்பது போல இருந்தது. நான் அழுவதில்லை, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அழ வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பம்பாயில் புது ராக்கெட் படம் பார்த்ததாகவும் எல்லாம் நிஜம் போலவே இருந்தும் நம் கோயில் ஹாலில் பார்த்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஈடாகவில்லை என்றும் எழுதியிருந்தாயே, அதை நானும் யோசித்தேன். அந்தக் காலப் படங்களில் ராக்கெட் தொங்கும் கம்பி தெரியும், வேற்றுக் கிரகத்து ஆள் திரும்பினால் முதுகில் ஜிப் தெரியும், ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தோம். எங்களால் ஆனது இவ்வளவு, மீதியை நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் நம்மிடம் விட்டுவிட்டார்கள், இன்றைய படம் அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறது போலிருக்கிறது. உலகம் அழியப்போகிறது என்பதைக்கூடப் படத்தில் வரும் புரொபசர் வாயிலிருந்து புகை பைப்பை எடுத்துவிட்டுத்தான் சொல்வார், பயத்துக்கே ஒரு மரியாதை இருந்தது. சின்ன வயதில் நீ, அப்பா ரப்பர் மாமா என்று பெயர் வைத்த அந்தக் கிரகத்து ஆளின் ரப்பர் உடையைப் பார்த்துப் பயப்பட்டதில்லை, அதன் ஓட்டை வழியாக உள்ளே அசையும் கண்களைப் பார்த்துத்தான் அழுவாய்.

இந்தத் திருவிழாவுக்கும் பங்குச் சாமியார் அதே படத்தைத்தான் மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். வருஷா வருஷம் மைக்கைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொல்வது அப்பா, இந்த வருஷம் ஆள் இல்லை, டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியுமே என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாட்டேன் என்று சொல்லவும் சோம்பலாக இருந்தது, சரி என்றேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அப்துல் மாலிக் அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்தார். நான் படத்தில் அவர்கள் பேசுவதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஆரம்பத்திலிருந்தே ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பறக்கும் தட்டு இறங்கும்போது, "வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு சொல்லுங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல், எல்லோரும் சிரித்தார்கள். அது அப்பா சொல்வது, ரயில்வே ஆபீஸில் இருந்துகொண்டு வேறென்ன சொல்வார். கடைசியில் பட்டாளம் சுட்டு, கிரகத்து ஆள் மணலில் விழுந்ததும் புரொபசர், அது இறந்துவிட்டது என்கிறார். நானும் இறந்துவிட்டது என்றேன். அப்புறம் கோயில் கூட்டுகிற வியாகுலம்மாள் எழுந்து நின்று, "என்ன டீச்சர், பொசுக்குன்னு கொன்னுட்டீங்க, ரப்பர் மாமா சாவாதுங்க, மயக்கம்தான், அவங்க ஊர்லேர்ந்து ஆளு வருதுன்னு சார் சொல்வாருல்ல" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் சத்தம்.

அப்போது தட் தட் என்று கேட்டது. அப்பா இடது கையால் நாற்காலியை அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் போக வேண்டுமோ என்றுதான் எனக்குத் தோன்றியது, மைக்கோடு இறங்கிப்போய்க் குனிந்து கேட்டேன். மைக் பிடித்த கையைத் தள்ளிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு கடுப்பு, நான் சாம்பாரில் உப்பை மறந்தால் பார்க்கும் அதே பார்வை. பிறகு திரையைப் பார்த்தார், தலையைத் தோளில் சாய்த்துக் கண்ணை மூடினார், கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எனக்குப் புரிய நேரமாயிற்று, அப்துல் மாலிக்குக்கு உடனே புரிந்துவிட்டது. "மயக்கம்னு சொல்றாருக்கா, ஆளு உள்ளதான் இருக்காரு, எங்கயும் போவல" என்று கத்தினார். நான் மைக்கில், மயக்கம்தான் என்றேன். விசில் அடித்தார்கள்.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதே. வீட்டுக்கு வந்து அவருக்குத் துடைத்துவிட்டேன், புளித்த மோரில் சோற்றைக் கரைத்துச் சாப்பிட்டேன், படுத்தேன். மனசு இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது, அது வருகிறபோது வரட்டும். ஆனால் உன் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. அப்பாவுக்குப் புரிகிறது. அவருக்குப் புரியாதிருந்தால் எனக்குத் துணைக்காக வா என்றுதான் எழுதியிருப்பேன். புரிவதால்தான் சொல்கிறேன், வேலையை விடாதே. நீ பெட்டியோடு வந்து இறங்கினால் எதை விட்டுவிட்டு வந்தாய் என்பதும் அவருக்குப் புரியும், அதைக் கேட்க அவருக்கு வாய் இல்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வா, போதும்.

வேளாங்கண்ணி மாதா உன்னைக் காப்பாற்றட்டும், சளிக்குக் கஷாயம் போட்டுக் குடி, அறைத்தோழியோடு சண்டை வேண்டாம். மறக்காமல் ஒன்று செய். அப்பா எப்படி இருக்கிறார் என்று இனி என்னைக் கேட்டு எழுதாதே. கவரின் மேல் அவர் பெயரை எழுது, அவரைக் கேள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன்.

உன் அம்மா
லூர்துராணி