வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்நேரமும் நின்றுகொண்டே இருக்காமல் வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் இத்தனை வருடமும் இந்த இடத்தில் எழுதுவேன், இன்றைக்கு எழுதினால் அது பொய், இந்த வீடு பொய்யால் பட்டது போதும். ஏழு மாதத்துக்கு முன்னால் உன் பேச்சைப் பாதியில் வெட்டிப் போனை வைத்தவன் நான், அதனால் போனில் சொல்ல எனக்கு முகமில்லை, நீ அழுவதைக் கேட்கவும் தெம்பில்லை. எங்கேயாவது உட்கார்ந்து படி. குருவிக்குக் காது போய்விட்டது அம்மாடி. வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ இரைச்சல் மட்டும் விழுகிறதாம். ஒன்பது வயசு உன் தங்கைக்கு.

அன்றைக்கு நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ஜெபம் பண்ணுங்கப்பா, வேணாங்கல, ஆனா சீழ் வர்ற காதை அப்படியே விடக் கூடாது, டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்றாய். நாலு எழுத்துப் படித்துவிட்டால் ஆண்டவரைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று வாய் கிழியக் கத்திவிட்டு வைத்தேன். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியாததா, சுகம் கேட்டுவிட்டு மருந்தையும் கையில் வைத்திருந்தால் அது அரை விசுவாசம், கிடைப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்லிவிட வேண்டும். அப்படியே செய்தேன். சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டேன், பஞ்சை எடுத்தேன், பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். போதகர் அவளை முன்னால் கூப்பிட்டு நேருக்கு நேர் நின்று, எத்தனையாம் வகுப்பு, டீச்சர் நல்லவங்களா, காது கேக்குதா பாப்பா என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் ஒன்று விடாமல் பதில் சொன்னாள், காது கேட்கிறது என்று தலையும் ஆட்டினாள். சபையே எழுந்து கை தட்டியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், உன் அம்மா மட்டும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வீடு வழக்கம்போல்தான் ஓடியது. உன் தம்பிகள், அந்த ரெட்டை வால்கள் இரண்டும் பன்னிரண்டு வயசுக்கு மேல் இன்னும் மோசம், சாப்பாட்டுக்கு முந்தைய ஜெபத்தில் "சீக்கிரம் முடிக்க அப்பாவுக்குக் கிருபை தாரும்" என்று ஒருவன் ஜெபித்து என்னிடம் குட்டு வாங்கினான். குருவியின் பள்ளி நோட்டில் வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று டீச்சர் இரண்டு தடவை எழுதி அனுப்பினார். நான் அவளைத்தான் திட்டினேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, என்ன திமிரு என்றேன். இருபத்தாறு வருடமாகத் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன், நூறு மிஷின் ஓடுகிற கூடத்தில் வாசலில் நின்றே எந்த வரிசையில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் பிள்ளை விஷயத்தில் நான்தான் செவிடாக இருந்திருக்கிறேன்.

போன மாதம் சாயங்கால ஜெபத்தின்போது கரண்ட் போனது. முதலில் குருவி, அப்புறம் வால்கள், அப்புறம் அம்மா, கடைசியில் நான், நீ இருந்தபோது இருந்த அதே வரிசைதான். அவள் முறை வந்தது, இருட்டில் சத்தமே இல்லை. ஆரம்பிம்மா என்றேன், இல்லை. வால்கள் கூப்பிட்டார்கள், நான் அதட்டினேன், அம்மா பேரைச் சொல்லிக் கத்தினாள், இல்லை. டார்ச்சைத் தேடி அடித்தால், முட்டி போட்டபடி என் வாய் இருக்கும் பக்கம் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகமெல்லாம் வேர்த்துப்போய். வெளிச்சம் என் முகத்தில் பட்டதும் "என்னப்பா சொன்னீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக வாயைப் பார்த்துப் பார்த்தே எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். ஏன்டி சொல்லலை என்று அம்மா உலுக்கிக் கேட்டதற்கு, "அப்பா எல்லார்கிட்டயும் சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே, அப்பா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல" என்றாள். பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டு வைக்கிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாளே காது டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சீழ் உள்ளே எலும்பையே அரித்துவிட்டது, ஆரம்பத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வருகிற புதன்கிழமை ஆபரேஷன். அதுவும் கேட்பதற்காக இல்லையாம், மூளைப் பக்கம் பரவாமல் இருக்கத்தானாம். காது மிஷின் கிஷின் ஏதாவது வைத்தால் கேட்குமா டாக்டர் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, நான் சொன்ன சாட்சி தப்பு, பிள்ளைக்குச் சுகமாகவில்லை என்று சொன்னேன். போதகர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டார், பாவம் நல்ல மனுஷன்தான், "சுகம் கெடச்சது தம்பி, வீட்ல யாரோ சந்தேகப்பட்டிருக்காங்க, அதான் கை நழுவிப் போச்சு" என்றார். முன் வரிசையில் குருவி உட்கார்ந்திருந்ததை நான் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "நான்தான் சந்தேகப்பட்டேனாப்பா?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் அவளைக் கூட்டிப்போய், வாயை அகலத் திறந்து, இல்லம்மா, தப்பு அப்பா மேல, அப்பா மேல மட்டும்தான் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். தலையாட்டினாள். அன்றைக்குப் போதகர் முன்னால் நின்று ஆட்டினாளே, அதே தலையாட்டல். நம்பினாளா என்னைச் சமாதானப்படுத்தினாளா என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

இன்னும் ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கு ஜெபம் வரவில்லை அம்மாடி. முட்டி போட்டால் நெஞ்சு காய்ந்த கிணறு மாதிரி கிடக்கிறது. வால்கள் இருக்கிறார்களே என்று சாயங்காலம் உட்காருகிறேன், என் முறை வந்தால் மனசுக்குள் பேசுகிறவன்போல முணுமுணுக்கிறேன், எல்லோரும் கண்ணை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். குருவி மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளலாம் என்று இப்போது அம்மா சலுகை கொடுத்திருக்கிறாள். நேற்று எல்லோரும் சாப்பிட எழுந்த பிறகு அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே, "நீங்க ஜெபம் பண்ணலப்பா, ஊசி, பாபின், பெல்ட்டுன்னு சொன்னீங்க" என்றாள். அவளே என் கையைத் தட்டிக்கொடுத்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். மறுபடியும் என் மானத்தை அவள் சுமக்கிறாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

லீவு கிடைத்தால் புதன்கிழமைக்குள் வா. கிடைக்காவிட்டால் உன்னைக் குறை சொல்ல இந்த வாய்க்கு அருகதையில்லை. ஆசீர்வாதம் என்று கடைசியில் எழுதுவேன், இன்றைக்கு அதை என் பேரில் எழுதக் கூசுகிறது, அம்மாவுடைய ஆசீர்வாதம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நிறைய இருக்கிறது, அதை வைத்துக்கொள். வால்கள் முத்தம் அனுப்பச் சொன்னார்கள். ஒன்றை மறந்துவிடாதே. வீடியோவில் கூப்பிடும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்து, மெதுவாகப் பேசு. அக்கா பேசினால் வாய் நிழலா இருக்கு, ஒண்ணுமே புரியலை, ஆனா சிரிச்சுக்கிட்டே இருந்தேன் என்று குருவி சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா